ஹோபி 16: மொரிஷியஸ் லகூனுக்கு ஒத்து வருமா?

லகூன்ல, அதாவது பவளப்பாறைக்கு உள்பக்கம் இருக்கிற ஆழமில்லாத கடல்ல, ஓட்ட பழைய ஃபைபர் பாய்ப்படகு வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறீங்க. என்கிட்ட இருக்கிறது ஹோபி 16, ரெண்டு ஹல் (படகோட உடம்பு) பக்கத்துப் பக்கத்துல இருக்கிற கேட்டமரான், ஒரு பீச் ஹோட்டல்ல பழசைக் கழிச்சப்போ எடுத்தது, வருஷக்கணக்கா வடக்குப் பக்கம் ஆன்ஸ் லா ரேல ஓடிட்டிருக்கு.

நீளம் 5.05 மீட்டர், அகலம் 2.41, எடை 145 கிலோ, ரெண்டு பாயும் சேத்து 20 சதுர மீட்டர் சொச்சம். 1970 வாக்குல கலிஃபோர்னியால சர்ஃப்போர்டு செஞ்சிட்டிருந்த ஹோபி ஆல்டர், மணல்ல இருந்து நேரா அலைக்குள்ள தள்ளணும்னே யோசிச்சு போட்ட டிசைன், அதனால டாகர்போர்டே (படகு நழுவாம அடியில எறக்குற பலகை) கெடையாது. ஹல்லோட வெளிப்பக்கம் தட்டையா, உள்பக்கம் வளைஞ்சு இருக்கும், படகு பக்கவாட்டுல நழுவாம பாத்துக்கிறது அந்த வளைவுதான். ரடர் (சுக்கான்) இடிச்சா தானா மேல தூக்கிக்கும். முழங்கால் தண்ணியில பவளப்பாறை நிக்கிற நம்ம லகூனுக்கு வேற என்ன வேணும், அடியில நீட்டிட்டிருக்கிற கீல் வச்ச படகு அந்தப் பக்கம் எட்டியே பாக்காது.

ஆனா திரும்புறப்போ உயிரை வாங்கும். காத்துக்கு எதிர மூக்கத் திருப்பினா பாதியிலயே நின்னுடும். ஜிப்ப (முன்பாய) அவசரப்பட்டு மறுபக்கம் மாத்தாதீங்க, காத்து அத மறுபக்கமா அடிச்சு மூக்கத் தள்ளட்டும், அப்புறம் மாத்துங்க, சுத்திரும். ஜூலை, ஆகஸ்ட்ல தென்கிழக்குக் காத்து வெளுத்து வாங்குறப்போ வேகமா போனா ஹல் மூக்கு தண்ணியில குத்தி முன்பக்கமா குட்டிக்கரணம் அடிச்சிரும், ரெண்டு பேரும் பின்னால தள்ளி உக்காரணும். கவுந்தா நிமித்தவும் ரெண்டு பேர் வெயிட் வேணும், தனியா ஓட்டுறவங்க யோசிச்சுக்கங்க.

இப்ப ஃபைபர். ரெண்டு ஃபைபர் தோலுக்கு நடுவுல ஃபோம் வச்சிருக்கு, அதான் இவ்ளோ லேசு. வருஷக்கணக்கா வெயில்ல கெடந்தா தோல் ஃபோம விட்டுப் பிரியும். டிராம்போலின (ரெண்டு ஹல்லுக்கும் நடுவுல நாம உக்கார்ற துணி) தாங்குற சட்டத்தோட முன்கால் ஹல்லுல நிக்கிற எடத்துக்கு முன்னாடி இருக்கிற டெக்க (ஹல்லோட மேல்பரப்ப) கட்டை விரலால அழுத்திப் பாருங்க, அப்படியே காசால தட்டிக்கிட்டே வாங்க, டிங் டிங்னு வந்த சத்தம் டொப்புனு மாறுனா அங்க பிரிஞ்சிருக்கு. என் படகுல கையகலத்துக்கு மெத்துன்னு அமுங்குச்சு, பொடி ஓட்டையா போட்டு சிரிஞ்ச்ல எபாக்ஸி பசை ஏத்தினோம், இன்னிக்கும் கல்லு மாதிரி இருக்கு. அடிப்பாகத்துல ஜெல்கோட் (மேல்பூச்சு) தேஞ்சு ஃபைபர் நூல் தெரிஞ்சா விலையக் கொறச்சுப் பேசுங்க. டிராம்போலின் தையலையும் விட்ராதீங்க, வெயில் மொதல்ல திங்கிறது அதத்தான்.

என் மச்சான் மகெபூர் ரெகாட்டால (பாய்ப்படகுப் போட்டி) ஓடுற பிரோக்குங்கிற மரப்படகு மேல பைத்தியம், இத பிளாஸ்டிக் பொம்மைம்பான். பெயின்ட் அடிக்கிற சீசன்ல மட்டும் வாயத் தெறக்க மாட்டான்!

தைப்பூசக் காவடி சமயம் சைக்கிளோன் சீசன், அப்ப ஊர்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு, சைக்கிளோன் வார்னிங் கிளாஸ் 1 (முதல் கட்ட எச்சரிக்கை) வந்ததுமே மாஸ்ட (பாய்மரத்த) எறக்கிருங்க, 8 மீட்டர் இருக்கு, கிளாஸ் 2 வரட்டும்னு இருந்தா கை குடுக்க ஆள் கெடைக்காது. டிராம்போலினையும் கழட்டிட்டு ஹல்ல தரையோட கட்டுங்க.