கடின எஃகுக்கு எந்தச் சாணைச் சக்கரம்: அலுமினாவா, சிபிஎன்னா?

ராக்வெல் சி எனும் கடினத்தன்மை அளவில் 60 வரை கடினமாக்கப்பட்ட பேரிங் எஃகுக்கு எந்தச் சக்கரம் ஏற்றது என்று கேட்டால், பெரும்பாலோர் சக்கரத்தில் உள்ள அரைக்கும் துகளின் கடினத்தன்மையைத்தான் காட்டுவார்கள். நூப் எனும் மற்றொரு கடினத்தன்மை அளவில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) ஏறத்தாழ 2,100. சிபிஎன் எனப்படும் க்யூபிக் போரான் நைட்ரைடு 4,500ஐ ஒட்டியது. ஆனால் துகளின் முனைக்கு அடியில் உலோகம் என்ன பாடுபடுகிறது என்பதைப் பார்க்காமல் இந்த எண்களை வைத்து முடிவெடுக்க இயலாது.

கூரான லேத் டூலைப் போலன்றி, சாணைத் துகளின் முன்முகம் உலோகத்தை அழுத்தும்படி முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஆகவே துகள் முதலில் வெறுமனே உரசுகிறது. சற்று ஆழ்ந்ததும் உலோகத்தை உழுது இருபுறமும் வரப்பாக ஒதுக்குகிறது. போதிய ஆழம் கிடைத்த பிறகே உலோகம் நறுக்குண்டு சீவலாகப் பிரிகிறது. முதல் இரண்டு கட்டங்களிலும் செலவாகும் ஆற்றல் எதையும் அகற்றாமல் வெப்பமாகிறது.

அலுமினாவின் சிக்கல் இங்கேதான். அதன் முனைகள் விரைவில் மழுங்கித் தட்டையாகிவிடுவதால் உரசல் மிகுந்து, வெப்பத்தின் பெரும்பகுதி வேலைப்பொருளுக்குள்ளேயே இறங்குகிறது. மேற்பரப்பு மிகையாகச் சூடாகி உடனே குளிர்ந்தால் நொறுங்கும் தன்மையுள்ள வெண்படலமும், அதன் கீழே மென்மையான கருமைப் படலமும் உருவாகும். குளிரும்போது எஞ்சும் இழுதகைவு (பரப்பை இழுத்துப் பிரிக்கும் உள்விசை), அரைக்கும் திசைக்குக் குறுக்கே மயிரிழை விரிசல்களைத் திறந்துவிடலாம். பளபளக்கும் பரப்பில் இது கண்ணுக்குத் தெரியாமல் போவதும் உண்டு. ஆல்கஹாலில் சிறிதளவு நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டால் கரைசலில் தோய்த்தால் கருகிய இடம் கருமையாகத் தெரிந்துவிடும். எளிதில் உடைந்து புதுமுனை காட்டும் வெள்ளை அலுமினாவை அடிக்கடி டிரெஸ்ஸிங் செய்து, அதாவது சக்கரத்தின் மேற்பரப்பைச் சீவிப் புதுப்பித்து, பயன்படுத்தினால் இந்த ஆபத்து பெருமளவு குறையும்.

1957இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கிய சிபிஎன், நெடுநேரம் கூர் மங்காமல் இருப்பதோடு வெப்பத்தைத் தானே நன்கு கடத்தியும் விடுகிறது. இதனால் பரப்பில் பெரும்பாலும் அமுக்கத்தகைவே (பரப்பை நெருக்கிப் பிடிக்கும் உள்விசை) எஞ்சுகிறது. பேரிங் வளையத்தின் களைப்பு ஆயுளுக்கு, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறினாலும் அது பழுதாகாமல் உழைக்கும் காலத்துக்கு, இது நல்லது. (வைரம் இதைவிடக் கடினமானதுதான், ஆனால் சூட்டில் அதன் கார்பன் இரும்போடு வினைபுரிந்து தேய்ந்துபோகும்.) விலை பல மடங்கு. நீர் கலந்த கூலன்ட்டைவிட எண்ணெயில் இது கூடுதலாக உழைக்கும்.

ஒரே வளையத்தை ஆயிரக்கணக்கில் செய்யும் ஆலைக்குச் சிபிஎன்னையே பரிந்துரைப்பேன். வேலைக்கு வேலை எஃகு மாறும் சிறு பட்டறைக்கு வெள்ளை அலுமினா போதும். ஸ்பிண்டிலில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டில்) ஆட்டம் உள்ள பழைய எந்திரத்தில் சிபிஎன்னை மாட்டுவது பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிப்பதாகும், ஏனெனில் அதிர்வில் துகள்கள் தேய்வதற்கு முன்பே பிடுங்கிக்கொண்டு போய்விடும்.