மலக்குழி மரணங்கள்: மூன்று மைய வாதங்களில் எது தேறும்?

சமூகச் சிக்கல்கள் குறித்த ஆய்வுக் கட்டுரை எதுவானாலும், முதல் இரண்டு பக்கங்களில் மைய வாதத்தைத் தேடி அடிக்கோடிடுவது என் வழக்கம். மலக்குழி மரணங்களைப் பொருளாக எடுப்பவர்களிடம் பெரும்பாலும் மூன்று வாக்கியங்களில் ஒன்றைத்தான் காண்கிறேன்.

"மனிதக் கழிவை மனிதரே அகற்றும் இழிநிலை ஒழிய வேண்டும்" என்பது முதலாவது. இதை மறுக்க யார் வருவார்? 1993-லேயே நாடாளுமன்றம் சட்டமியற்றி ஏற்றுக்கொண்ட கருத்து இது. உணர்வு உண்மையானதுதான், ஆனால் எதிர்த்தரப்பு இல்லாத இடத்தில் வாதத்துக்கு வேலையில்லை.

"2013-ஆம் ஆண்டுச் சட்டம் முறையாக நடைமுறைப்படுத்தப்படாததே இம்மரணங்களுக்குக் காரணம்" என்னும் இரண்டாவது வாக்கியத்துக்குச் சான்றுகள் எளிதில் கிடைக்கும். மனிதக் கழிவை அகற்ற ஆளை அமர்த்துவதையும் மலக்குழிகளில் அபாயகரமான துப்புரவையும் தடைசெய்யும் அச்சட்டம், அபாயகரமான துப்புரவில் முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை என்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 2014-இல் 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் விதித்த இழப்பீடு, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. உயர்த்த வேண்டி வந்ததே சாவுகள் நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. எனினும், மலக்குழியை எடுத்துவிட்டு வரதட்சணையை வைத்தாலும் இவ்வாக்கியம் அப்படியே நிற்கும் என்பதால், அது இந்தச் சிக்கலைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது, சட்டத்தின் 2-ஆம் பிரிவுக்குள் நுழைகிறது. பாதுகாப்புக் கருவிகளைத் தந்து, பாதுகாப்பு நடைமுறைகள் பின்பற்றப்படுவதை உறுதிசெய்ய வேண்டிய கடமையை நிறைவேற்றாமல் ஆளை வைத்துச் சுத்தம் செய்விப்பதையே அப்பிரிவு 'அபாயகரமான துப்புரவு' என வரையறுக்கிறது. அப்படியானால், கருவிகளைத் தந்து, நடைமுறைகளைப் பின்பற்றவைத்து இறக்கினால் அது தடைக்குள் வராது. "மரணங்கள் தொடர்வதற்குச் சட்ட மீறலோடு, சட்டமே விட்டுவைத்த இந்த இடைவெளியும் காரணம்" என்று ஒரு மாணவர் எழுதினால், நான் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பேன்.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு: கருவியே இல்லாமல் இறக்கப்பட்டு மாண்டவர்களைப் பொறுத்தவரை நடந்தது அப்பட்டமான சட்ட மீறல்; வரையறையைத் திருத்தியிருந்தால் மட்டும் அவர்கள் பிழைத்திருப்பார்களா? மாணவர் இம்மறுப்பை ஒளிக்காமல் எடுத்துவைத்து, "கவசம் கொடுத்தோம், அவர்தான் அணியவில்லை" என்று ஒப்பந்தக்காரர் கைகழுவ இடம் தருவது அந்த வரையறையே என நிறுவ வேண்டும். அதற்கு முதல் தகவல் அறிக்கைகளும், தீர்ப்புகளும், உள்ளாட்சி ஒப்பந்தப் புள்ளி ஆவணங்களும் தேவை. அவற்றைத் திரட்ட மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

பருவ இறுதிக்கு மூன்றே வாரம் என்றால் இரண்டாவதையே எடுக்கலாம். அப்போதும் 'முறையாக' என்ற சொல்லை நீக்கிவிட்டு, வழக்குப் பதிவிலா, விசாரணையிலா, தண்டனையிலா, எந்தக் கட்டத்தில் சட்டம் நின்றுபோகிறது என்பதை வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஓராண்டு கையில் இருப்பவர் மூன்றாவதை விடக் கூடாது; ஒரே ஒரு மாநகராட்சியின் ஒப்பந்தங்களோடு எல்லையைச் சுருக்கிக்கொண்டால் போதும்.