ஐஸ் பாவனைக்குச் சிகிச்சை: தம்பியைச் சேர்த்த இரண்டு இடங்கள்

யாழ்ப்பாணத்தில் ஐஸ் (மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருள்) பழக்கத்துக்குச் சிகிச்சை தேடி அலைகிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். என் தம்பியை முதலில் ஒரு தனியார் புனர்வாழ்வு இல்லத்திலும், பிறகு ஓர் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவிலும் சேர்த்தோம்.

முதல் இடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாதக் காசை முற்பணமாக வாங்கினார்கள். பூட்டிய அறை, விடியற்காலை உடற்பயிற்சி, பின்னேரம் பிரசங்கம். வைத்தியர் எட்டிப் பார்க்கவில்லை. சுவருக்குள் யாரோ கமரா வைத்திருக்கிறார்கள், அம்மா சோற்றில் ஏதோ கலக்கிறா என்று தம்பி நம்பிக்கொண்டிருந்த நேரம் அது. தோலுக்குக் கீழே பூச்சி ஊர்வதாகச் சொறிந்து சொறிந்து கை முழுக்கப் புண். நித்திரையே இல்லாமல் நாட்கணக்கில் ஐஸ் புகைப்பவர்களுக்கு வருகிற மனநோய் நிலை இது. அங்கே அதைத் திமிர் என்றார்கள். அப்படிச் சொல்லும் இடத்தில் உங்கள் பிள்ளையை ஒரு நாளும் விடாதீர்கள்.

உளநலப் பிரிவில் வைத்தியர் அவனிடமே கேட்டார்: கடைசியாக எப்போது நித்திரை கொண்டீர்கள், சாக வேண்டும் போல இருக்கிறதா? ஐஸை நிறுத்திய முதல் நாட்களில் நித்திரை அடித்துப்போடும், அதோடு கடும் மனச்சோர்வும் வரும், உயிரை மாய்க்கும் எண்ணம் வரலாம், தனியே விடாதீர்கள் என்று எங்களுக்கும் விளக்கினார். சந்தேகமும் பயமும் மருந்தில் அடங்கின. ஆனால் ஐஸ் ஆசையை நிறுத்துவதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை, உளவளத்துணைதான் வழி என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே இந்த இடத்தை நம்பினேன்.

குடும்பத்தாருடன் கதைக்க அவர்கள் ஒதுக்கும் நேரம்தான் இங்கே மிகச் சிறந்தது. "அக்கா, கமரா இல்லை எண்டு வாதாடவும் வேண்டாம், இருக்கு எண்டு ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். பயமா இருக்கா எண்டு மட்டும் கேளுங்கோ" என்றார் உளவளத்துணையாளர். எத்தனையோ இரவுகளை இந்த ஒரு வசனத்தோடு கடந்தோம். பிறகு தம்பிக்குக் கிரிக்கெட்டும் பிடிக்கவில்லை, கொத்து ரொட்டியும் பிடிக்கவில்லை, சும்மா இருந்தான். அப்பா அதைச் சோம்பல் என்று ஏசினார். ஐஸ் மூளையில் டோபமைன் என்ற, சந்தோச உணர்வோடு தொடர்புள்ள இரசாயனத்தை அளவுக்கு மீறிக் கொட்டவைக்கும், அந்த அமைப்பு பழைய நிலைக்கு வர மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கும் என்று அவர்கள் படம் வரைந்து காட்டிய பிறகுதான் அப்பா ஏசுவதை விட்டார்.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் வாங்கு பிரதான நடைபாதையைப் பார்த்து இருக்கிறது, ஊரே கண்டுகொண்டு போகும். எனக்குப் பேசிவந்த சம்பந்தம் அப்படிப் பரவிய கதையில்தான் நின்றது. கிளினிக் கிழமை நாட்களில் காலையில் மட்டும் என்பதால் கூலிவேலைக்காரருக்கு அன்றைய சம்பளம் போய்விடும். திரும்ப வேலைக்குப் போக வழிகாட்ட ஒருவரும் இல்லை. போதைப்பொருள் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை வரை போகலாம் என்பதால், வைத்தியசாலைப் படியேறவே பல வீடுகள் பயப்படுகின்றன. சிகிச்சைக்கு வருபவரை எப்படி நடத்துவார்கள் என்று வாசலிலேயே ஒரு பலகை வைத்தால் எவ்வளவு உதவி!

போக முதல் 1927க்கு எடுத்துக் கதையுங்கள், அது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம். அப்புறம், கடைசியாகப் பாவித்த நாள், நித்திரை கொண்ட நேரம், குடிக்கும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.