கிட் எல்எஃப்எஸ்: மூன்று ஐப்பசி தாண்டிய பிறகு

கொடைக்கானல் நண்பன் நேற்று கேட்டான்: "எங்க ட்ரோன் மேப்பையும் கிட்ல வைக்கணும்டா. எல்எஃப்எஸ் போடலாமா?" கிட் என்பது ஃபைலின் ஒவ்வொரு வெர்ஷனையும் சேர்த்து வைக்கும் சாஃப்ட்வேர், எல்எஃப்எஸ் பெரிய ஃபைல்களுக்காக அதோடு ஒட்டிக்கொள்ளும் கருவி. வேறு எந்த வாரம் கேட்டிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு போடு என்றிருப்பேன்.

கோத்தகிரியில் இரண்டு பேராகச் சோலைக்காடுகளுக்கு மேப் போடுகிறோம். ஒவ்வொன்றும் 600, 700 எம்பி. சாதா கிட் என்றால் கிளோன் அடிப்பவர், அதாவது முழு நகல் எடுப்பவர், பழைய வெர்ஷன் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். கிட் வேலைகளை ஆன்லைனில் வைக்கும் கிட்ஹப் தளம், ஒரு ஃபைல் 100 எம்பிக்கு மேல் போனால் வாங்கவும் வாங்காது. எல்எஃப்எஸ்ஸில் கிட்டுக்குள் போவது நிஜ ஃபைலைச் சுட்டும் மூன்று வரி பாயிண்டர்தான். நிஜ ஃபைல் சர்வரில் இருக்கும், எந்த பிராஞ்சில் (வேலையின் தனிக் கிளையில்) நிற்கிறோமோ அதற்கு வேண்டியது மட்டும் இறங்கும். இதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

எரிச்சல் ஒன்றுதான். 2005-ல் பிறந்ததிலிருந்து கிட்டின் பெருமையே நெட் இல்லாமலும் வேலை ஓடும் என்பது. எல்எஃப்எஸ் போட்டதும் அது போச்சு. பிராஞ்ச் மாற்றும்போது ஃபைல் லேப்டாப்பில் இல்லையென்றால் சர்வரிடம் கை நீட்டும். எங்கள் ஊரிலோ ஐப்பசி மழையில் ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும்.

போன செவ்வாய் டிஸ்க் நிறைந்துவிட்டதே என்று லேப்டாப்பில் கிடக்கும் பழைய ஃபைல்களைத் துடைக்கும் 'கிட் எல்எஃப்எஸ் ப்ரூன்' அடித்தேன். புஷ் ஆகாததை, அதாவது சர்வருக்கு இன்னும் ஏறாததை, அது தொடாது, சமீபத்திய பிராஞ்சுகளையும் விட்டுவைக்கும். நான்கு மாதம் திறக்காத ஒரு பிராஞ்சின் மேப்பைத் துடைத்துவிட்டது. நியாயம்தான். ராத்திரி ஒன்பதுக்கு போன்: அந்தப் பழைய மேப்தான் வேண்டுமாம், காலையில் மீட்டிங். அதற்குள் மழை, நெட் இல்லை. அந்த பிராஞ்சுக்கு மாற செக்அவுட் அடித்தால், பாயிண்டர் இருக்கும் இடத்தில் நிஜ ஃபைலை வைக்கும் ஸ்மட்ஜ் ஃபில்டர் ஃபெயில். ஸ்மட்ஜைத் தவிர்த்து அடித்தேன். பிராஞ்ச் மாறியது, மேப் இருக்க வேண்டிய இடத்தில் அந்த மூன்று வரி. அதில் மேப்பின் சைஸ்கூட பைட் கணக்காக எழுதியிருந்தது, என் வயிற்றெரிச்சலுக்கு.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் குன்னூர் போய், டீக்கடை பெஞ்சில் ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினேன். வேண்டிய பிராஞ்சை முன்னாலேயே ஃபெட்ச் அடித்து, சர்வரிலிருந்து இறக்கி வைத்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். எது வேண்டும் என்று ஒன்பது மணிக்குத்தானே தெரிந்தது?

நண்பனுக்கு "வேண்டாம், ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கோ" என்று அனுப்பினேன். "அப்ப நீ எடுத்துடுவியா?" என்றான். மாட்டேன். எடுப்பதற்கு கிட்டில் பதிந்த பழைய வெர்ஷன்களின் ஹிஸ்டரியையே திருப்பி எழுத வேண்டும், அந்தத் தெம்பு இல்லை.

சொன்னால் கேட்கிற ஆள் இல்லை, போடத்தான் போகிறான். போட்டால், எந்த ஃபைல் எல்எஃப்எஸ்ஸுக்கு என்று சொல்லும் டிராக் வரியை, முதன்மை பிராஞ்சான மெயினில் முதலில் கமிட் பண்ணி (பதிந்து)விட்டு அப்புறம் பிராஞ்ச் பிரிக்கட்டும். அந்த வரி இல்லாத பிராஞ்சில் மேப்பைச் சேர்த்தால் முழு ஃபைலும் சாதா கிட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை நாங்கள் தோண்டி எடுத்த கதையை நேரில் சொல்கிறேன்.