“கம்பெனி போயிருச்சு, அதான் சார் ரேட் கம்மி”: பழைய ஃபோர்டு தேடுகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில் பழைய கார் விற்கும் ஒரு கடையில், போன நவம்பரில் 2018 மாடல் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் டீசல் வாங்கினேன். நாலே முக்கால் லட்சம். அது 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ என்று கணக்குத் தீர்த்த வண்டி. அதை மறைத்து, மேலே பாலிஷ் போட்டு, மீட்டரையும் குறைத்து என் தலையில் கட்டிவிட்டார்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு ஓடுவதால் கடைப் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் பேசிய பேச்சை அப்படியே எழுதுகிறேன். இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் விசாரித்ததில், வேறு ஊர்களில் வேறு கடைகளிலும் பழைய ஃபோர்டுக்கு இதே வசனம்தான் ஓடுகிறது.

“சார், கம்பெனியே நாட்டை விட்டுப் போயிருச்சு. அதனாலதான் இந்த ரேட். வேற பிராண்டுல இதே கண்டிஷன்ல கேட்டீங்கன்னா ஏழுக்குக் கீழ எவனும் பேச மாட்டான்.”

சர்வீஸ் ரெக்கார்டு கேட்டேன். “கம்பெனி போனதுல ரெக்கார்டெல்லாம் போச்சு சார்.” பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி? “அது ஓனர்கிட்ட இருக்கு, அவரு ஃபாரின்ல இருக்காரு. நாங்களே புதுசு போட்டுத் தர்றோம்.” ரீசேல் பற்றிக் கேட்டதும் ஆள் அப்படியே பல்டி அடித்தார். “மறைமலை நகர்ல திரும்ப ஆரம்பிக்கிறாங்களே, பேப்பர் பாக்கலையா? கம்பெனி வந்துட்டா இந்த வண்டிக்கு டிமாண்டு பிச்சுக்கும்.”

கம்பெனி போனதால் மலிவு, வருவதால் லாபம். ஒரே டீயைக் குடித்து முடிப்பதற்குள் இரண்டையும் சொன்னார். 150 இடங்களில் சோதித்ததாக ஒரு கலர் ரிப்போர்ட் வேறு. எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக்.

இந்தப் பேச்சு ஏன் எடுபடுகிறது என்றால், பாதி உண்மை. ஃபோர்டு இந்தியாவை விட்டுக் கிளம்பியது ஒருமுறை அல்ல. 1926-லேயே இங்கே கம்பெனி பதிவு செய்து, 1950-களில் மூடிவிட்டுப் போனவர்கள். பிறகு 1995-ல் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து எஸ்கார்ட் காரோடு வந்தார்கள். 1999-ல் சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகர் ஆலையிலிருந்து ஐகான் கார் இறங்கியது. அந்த ஐகானை இன்னும் விற்க மனசில்லாமல் வைத்திருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். 2010-ல் ஃபிகோ, 2013-ல் எக்கோஸ்போர்ட். நாலு மீட்டருக்குள் ஓர் எஸ்.யூ.வி. என்று ஜனங்கள் வரிசையில் நின்று புக் பண்ணிய வண்டி. மறைமலை நகரில் செய்த எக்கோஸ்போர்ட் கப்பலேறி அமெரிக்காவிலேயே விற்பனைக்குப் போனது. இவ்வளவு இருந்தும் பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, 2021 செப்டம்பர் 9 அன்று உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். குஜராத்தின் சனந்த் ஆலை டாடா கைக்குப் போனது. மறைமலை நகர் லைன் 2022 ஜூலையில் நின்றது.

நின்றது உற்பத்தி மட்டும்தான். சர்வீஸும் உதிரிபாகமும் வாரண்டியும் தொடரும் என்று அறிவிப்பிலேயே சொன்னார்கள். டெல்லி, சென்னை, மும்பை, சனந்த், கொல்கத்தா கிடங்குகளை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்கள் திறந்துதான் இருக்கின்றன. வண்டியின் பழைய ரெக்கார்டு அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ‘திரும்ப வருது’ கதையும் இப்படித்தான். 2025 அக்டோபர் கடைசியில் தமிழக அரசோடு போட்ட ஒப்பந்தம், 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் மறைமலை நகரில் என்ஜின் தயாரிக்க. அதுவும் ஏற்றுமதிக்கு, 2029-லிருந்து. அதனால் 2018 எக்கோஸ்போர்ட்டின் ரீசேல் எப்படி ஏறும் என்று அந்தக் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

எனக்கு ஃபோர்டு மேல் ஆசை வந்தது என் மச்சானால். தங்கச்சி வீட்டுக்காரர். மறைமலை நகர் ஆலையில், சீட், கார்ப்பெட் எல்லாம் மாட்டுகிற ட்ரிம் லைனில் இருந்தவர். 2022-ல் செட்டில்மென்ட் தொகைக்காகத் தொழிலாளர்கள் போராடியபோது கேட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர். கம்பெனி மேல் அவ்வளவு கோபம், ஆனால் வண்டியை யாராவது குறை சொன்னால் அவருக்குத் தாங்காது. ஃபோர்டு ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். கதவைச் சாத்தினால் வருகிற கனமான சத்தம், நூறுக்கு மேல் போனாலும் பைபாஸில் ஆடாத ஸ்டியரிங், அந்த 1.5 டீசலின் இழுப்பு, இந்த மூன்றையும் சொல்லாத ஓனரை நான் பார்த்ததில்லை. குறையும் அவர்களே சொல்வார்கள். பின் சீட்டில் மூன்று பேர் என்றால் நெருக்கடி. டிக்கி பக்கவாட்டில் திறப்பதால் பார்க்கிங்கில் பின்னால் இடம் விட்டே ஆக வேண்டும்.

கம்பெனியின் பக்கம் எல்லாமே பத்தரைமாத்து என்றும் சொல்ல வரவில்லை. 2013-ல் ஃபிகோ, கிளாசிக் வண்டிகள் 1,66,021-ஐ பவர் ஸ்டியரிங் ஆயில் குழாய்க்காகவும், பின் சக்கரங்களைத் தாங்கும் ட்விஸ்ட் பீமுக்காகவும் திரும்ப அழைத்துச் சோதித்தார்கள். அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோகஸ் ஓனர்கள் பவர்ஷிஃப்ட் என்ற டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்காகக் கூட்டாக வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கினார்கள். இங்கே முதலில் வந்த எக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்கில் இருப்பதும் அந்த டூயல் கிளட்ச் வகைதான். 2017 கடைசியில் வந்த டிராகன் பெட்ரோல் என்ஜினில் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும், ஆயில் மாற்றாமல் இழுத்தடித்த வண்டியைத் தொடாதீர்கள். இதெல்லாம் தெரிந்துதான் மேனுவல் டீசலாகத் தேடினேன்.

வண்டி வந்த மூன்றாவது வாரத்தில் ராத்திரி தானாகவே சென்ட்ரல் லாக் திறந்து மூடியது. பிறகு பின் கண்ணாடி இறங்கினால் ஏறாது. அப்புறம் ஏர்பேக் விளக்கு. கடைக்குப் போன் போட்டால், “ஃபோர்டுன்னாலே எலக்ட்ரிகல் வரும் சார், தெரிஞ்ச விஷயம்தானே. கம்பெனி வேற இல்ல, நாங்க என்ன பண்றது?” விற்கும்போது விலைக்குக் காரணமாக இருந்த அதே கம்பெனி, இப்போது ரிப்பேருக்கும் காரணமாகிவிட்டது.

பொங்கலுக்கு மச்சான் வந்தார். ஒரு ரவுண்டு போகலாம் என்று முன் சீட்டில் உட்கார்ந்தவர் பெல்ட்டை மாட்டப் போனார். என்ன தோன்றியதோ, கடைசி வரைக்கும் இழுத்தார். மேலே இருக்கிற பெல்ட் நல்ல கறுப்பு. ரோலுக்குள் சுருண்டு கிடந்த கடைசிச் சாண் அளவு மட்டும் காவி ஏறி, ஓரத்தில் மண் படிந்திருந்தது. மனுஷன் ஒன்றும் பேசவில்லை. இறங்கி ஸ்பானர் கேட்டார். சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட் நான்கிலும் பெயிண்ட் உரிந்து, தண்டில் துரு. “இது ஏற்கெனவே கழட்டி மாட்டின போல்ட்டு மாமா. லைன்ல நாங்க இறுக்குனா இப்படி இருக்காது.”

சீட்டைத் தூக்கி வைத்தார். கார்ப்பெட்டை வாசல் ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டைக்குள் செருகியிருக்க வேண்டுமாம். இதில் பசை வைத்து ஒட்டியிருந்தது. உரித்தோம். அடியில் இருக்கிற ஃபோம் ஈரமில்லை, ஆனால் பிழிந்து காயவைத்த துணி மாதிரி விறைத்து, தொட்டால் வண்டல் மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கிளவ் பாக்ஸைக் கழற்றியபோது பின்னால் ஃபியூஸ் பாக்ஸ் கனெக்டரின் பின்கள் பாசி நிறத்தில் பூத்திருந்தன. லாக்கும் கண்ணாடியும் பேயாட்டம் போட்டதற்கு அதுதான் காரணம். கதவின் உள்பேடைக் கழற்றினோம், அடிமூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நத்தை ஓடு. அதை எடுத்து டேஷ்போர்டு மேல் வைத்தார். தங்கச்சி அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் திருச்சியில் இருக்கிற சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஆர்.சி. என் பெயரில் இருந்ததால் ரெக்கார்டைக் காட்டினார்கள். எதுவும் எங்கும் போகவில்லை. 2023 ஆகஸ்டில் சென்னையில் கடைசி சர்வீஸ், அப்போது 94,000 கிலோமீட்டர். எனக்கு விற்றபோது மீட்டரில் 61,000. அதற்குப் பிறகு சர்வீஸே இல்லை.

பழைய ஓனரின் பெயர், என் பெயருக்கு மாற்றும் முன் இருந்த ஆர்.சி.யில் இருந்தது, ஒரு நண்பர் மூலம் பேச முடிந்தது. ஃபாரின் எல்லாம் இல்லை, மேடவாக்கம் பக்கம்தான். “தண்ணி ஸ்டியரிங் வரைக்கும் நின்னுச்சுங்க, ரெண்டு நாள். இன்ஷூரன்ஸ்காரங்க காசு குடுத்துட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஃபார்ம்ல கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன். அது ரோட்ல ஓடுதா?” என்று அவர்தான் ஆச்சரியப்பட்டார்.

நடைமுறை என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். ஓனருக்குப் பணம் போய்விடும், வண்டி, சேதமான வண்டிகளை விற்கும் சால்வேஜ் ஏலத்துக்குப் போகும். உபயோகத்துக்கே ஆகாது என்று ஆன வண்டியின் ஆர்.சி.யை மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவுப்படி ஒப்படைத்து ரத்து செய்ய வேண்டும். ரத்து ஆகாத ஆர்.சி.யும், தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கிய, ஓனர் பெயரை மாற்றுவதற்கான ஃபார்ம் 29, 30-ம் ஏலக்காரர் கையில் இருந்தால், வண்டி திரும்ப ஷோரூமுக்கு வந்துவிடுகிறது. எக்கோஸ்போர்ட் 550 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்று கம்பெனியே விளம்பரம் செய்தது உண்மை. அதைச் சொல்லி “ஃபோர்டுக்குத் தண்ணியெல்லாம் ஒரு மேட்டரே இல்ல” என்று ஒரு புரோக்கர் என்னிடமே அளந்தார். அது தண்ணீரைக் கடந்து போகிற கணக்கு. இரண்டு நாள் ஊறிக் கிடப்பதற்கு எந்தக் கம்பெனியும் கணக்குச் சொல்வதில்லை.

எனவே வாங்கப் போகிறவர்கள் முதலில் பழைய பாலிசியைக் கேளுங்கள். அதில் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் வாங்காத ஓனருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) பூஜ்யம் என்று இருந்தால் க்ளெய்ம் போயிருக்க வாய்ப்பு அதிகம், எதற்கு என்று துருவுங்கள். பாலிசியே இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன், ஆர்.சி.யில் இருக்கிற ஓனரோடு நேரில் அல்லது போனில் ஒரு வார்த்தை பேசியே ஆக வேண்டும் என்று நில்லுங்கள்; அவர் சம்மதித்தால் சர்வீஸ் சென்டரில் ரெக்கார்டு எடுப்பது அரை மணி நேர வேலை. வண்டியைப் பார்க்கும்போது என்ஜினைவிட சீட் பெல்ட்டுக்கும் சீட் போல்ட்டுக்கும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலும் அதிக நேரம் கொடுங்கள். வாசனை ஸ்ப்ரே தூக்கலாக இருந்தால் கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யை அணைத்து, வெயிலில் பத்து நிமிஷம் உள்ளே உட்காருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்துவார், படுத்தட்டும்.

2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். ஓனர் வண்டியை ஒப்படைத்ததை ஃபார்ம் 29சி-யில் தெரிவிக்க வேண்டும். அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். என் கடைக்காரரிடம் அது கிடையாது என்பது வழக்கறிஞர் எழுதிக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. டெலிவரி நோட்டில் ‘வாங்குபவர் வண்டியைப் பார்த்து முழுத் திருப்தியுடன்’ என்று ஒரு வரி அச்சடித்து வைத்திருப்பார்கள். அதைக் காட்டித்தான் எனக்குப் பதில் நோட்டீஸ் வந்தது. உண்மையை மறைத்து விற்றவருக்கு அந்த வரி கேடயம் ஆகாது என்று என் வழக்கறிஞர் சொல்கிறார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கொடுத்த பணத்துக்குக் கட்டணமே இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முதல் புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பில், டெலிவரி நோட்டு, வாட்ஸாப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். ‘61 கே, ஜெனுயின்’ என்று அவர் அனுப்பிய ஒரு மெசேஜ்தான் இப்போது என் கையில் இருக்கிற பெரிய ஆதாரம்.

வண்டி வீட்டு வாசலில் பேட்டரி கழற்றிக் கிடக்கிறது. ஏர்பேக் எப்போது விரியும், விரியுமா என்று தெரியாத வண்டியில் பிள்ளைகளை ஏற்ற முடியாது. நோட்டீஸ் போன பிறகு கடைக்காரர் சமாதானத்துக்கு வந்து, இரண்டரை லட்சத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மாட்டேன் என்றேன். எடுத்தால் அடுத்த வாரம் இன்னொருவருக்கு விற்பார். ஆர்.சி.யை ரத்து செய்யச் சொல்லி ஆர்.டி.ஓ.வுக்கும் எழுதியிருக்கிறேன். முழுப் பணம், ரிப்பேர் செலவு, வழக்குச் செலவு மூன்றையும் கேட்டிருக்கிறோம். ஆணையத்தில் அடுத்த வாய்தா ஆடி கழிந்து. தீர்ப்பு வந்ததும் கடைப் பெயரோடு எழுதுகிறேன்.