காகிதத்தில் ஆரஞ்சு, கையில் மிளகு, சட்டையில் மரம்

பல வருஷமாக நான் மாற்றாமல் போடும் வாசனை இரண்டு. ஒன்று, பிரெஞ்சு வாசனைக் கலைஞர் ழான் குளோத் எலெனா உருவாக்கி 2006-இல் வந்த ‘டெர் டி ஹெர்மெஸ்’ என்ற சென்ட். இன்னொன்று, உத்தரப் பிரதேசத்தில் அத்தருக்குப் பேர்போன கன்னோஜ் ஊரிலிருந்து வரும் வெட்டிவேர் அத்தர். ஒரே வாசனை காகிதத்தில், தோலில், துணியில் எப்படி மாறுகிறது என்பதை, சென்னை வெயிலிலும் புழுக்கத்திலும் இரண்டையும் போட்டுப் பழகியதை வைத்தே சொல்கிறேன்.

கடையில் நீட்டும் காகிதப் பட்டையில் ஹெர்மெஸ், ஆரஞ்சுத் தோலை அப்போதுதான் உரித்த மாதிரி இருக்கும். அந்த ஆரஞ்சு அவசரமில்லாமல் மெதுவாகத்தான் அடங்கும். காகிதத்துக்கு உடல் சூடும் இல்லை, எண்ணெய்ப் பசையும் இல்லை. நாலைந்து சென்ட்டுகளை ஒப்பிட்டுக் கழிக்க அது போதும். ஆனால் காகிதத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. ஆரஞ்சு, எலுமிச்சை மணம் தரும் லிமோனீன் போன்ற லேசான மூலக்கூறுகள் அந்தச் சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும். என் மணிக்கட்டில் ஆரஞ்சு பின்வாங்கிய கையோடு மிளகும், காய்ந்த மரமும், வேர் மணமும் மேலே வருகின்றன. எனக்கு இந்தச் சென்ட் பிடித்ததே இந்தக் கட்டத்துக்காகத்தான். என் தம்பிக்கு வறண்ட தோல். அதே புட்டியிலிருந்து அடித்தாலும் அவனிடம் மதியத்துக்குள் ஓய்ந்துவிடுகிறது. குளித்ததும் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவி, அதன் மேல் அடிக்கச் சொன்னேன். இப்போது கூடுதல் நேரம் நிற்கிறது. தேங்காய் எண்ணெயும் ஆவியாவதைக் குறைக்கும், ஆனால் அதன் மணம் ஆரஞ்சோடு சேராது.

இன்னொன்று கவனியுங்கள். இதில் ஐசோ ஈ சூப்பர் என்ற செயற்கை மரவாசனைப் பொருள் தாராளமாக உண்டு. பலர் மூக்குக்கு அது விட்டுவிட்டுத்தான் தெரியும். போய்விட்டது என்று நினைத்து மறுபடி அடித்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலைவலி வரும். அடிப்பதற்கு முன் வீட்டில் ஒருவரைக் கேட்டுவிடுங்கள்.

துணியில் கதை வேறு. பருத்திச் சட்டையில் ஆரஞ்சு தோலில் இருப்பதைவிட நன்றாகத் தங்குகிறது. மறுநாள் காலர் பக்கம் முகர்ந்தால் மர வாசனை மட்டும் மிச்சமிருக்கும். பாலியெஸ்டரில் வியர்வை வாடையும் சேர்ந்து பிடித்துக்கொள்வதால் அதில் நான் அடிப்பதே இல்லை.

அத்தர் இதற்கு நேர்மாறு. காகிதத்தில் ஓர் எண்ணெய்த் திட்டு, பச்சை வேரும் சேறும் கலந்த ஒற்றை மணம், அவ்வளவுதான். கன்னோஜில் செப்புப் பானையிலிருந்து மூங்கில் குழாய் வழியே வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது பழைய முறை. அப்படிச் செய்தது காதுக்குப் பின்னால் சூடேறியதும் மெல்ல விரிந்து, சாயங்காலம் சந்தனமாக முடிகிறது. விலை மலிவான பலவற்றில் சந்தனத்துக்குப் பதில் பாரஃபின் எண்ணெய் இருக்கும். காகிதத்தில் எனக்கு வித்தியாசம் பிடிபடாது; தோலில் சாயங்காலம் சந்தனம் எட்டிப் பார்க்கவில்லையென்றால் தெரிந்துவிடும்.

ஆகவே எதையும் மணிக்கட்டில் தடவி ஒரு முழுப் பகல் வெளியே அலைந்த பிறகே வாங்குகிறேன். வேலை நாளில் ஹெர்மெஸ் பருத்திச் சட்டையின் உள்பக்கம், விடுமுறையில் அத்தர் தோலில். பட்டில் இரண்டுமே வேண்டாம், கறை விழுந்தால் எளிதில் போகாது. வெனிலா தூக்கலான சென்ட்டை வெள்ளைச் சட்டையிலும் அடிக்காதீர்கள், நாளடைவில் பழுப்பேறும்.