கொல்கத்தா கிறிஸ்துமஸ் நடை: வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு எங்கே தேறுகிறது

டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் கொல்கத்தாவில் ‘கிறிஸ்துமஸ் வாக்’ விளம்பரங்கள் குவிய ஆரம்பிக்கும். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது இரண்டே வகை. ஒன்று, இருட்டிய பிறகு பார்க் ஸ்ட்ரீட் விளக்குகளைக் காட்டிவிட்டு செயின்ட் பால்ஸ் கதீட்ரலில் முடிவது. இன்னொன்று, மதியமே கிளம்பி பழைய வணிகப் பகுதித் தேவாலயங்கள், போ பராக்ஸ், நியூ மார்க்கெட், பேக்கரிகள் என்று நடத்தி, விளக்கு எரியும் நேரத்துக்கு பார்க் ஸ்ட்ரீட்டில் கொண்டுவந்து விடுவது.

முதல் வகைக்குப் பத்து ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோவில் இறங்கி நேராக நடந்தால் ஆலன் பார்க். 2011 முதல் மாநில அரசு நடத்தும் விழாவின் மேடை அங்கேதான். 24, 25 மாலைகளில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சாலை முழுக்கத் தலைகள். வழிகாட்டி சொல்வது மூன்றடிக்கு அப்பால் கேட்காது. குழு இரண்டாக உடைந்து, பாதிப் பேர் மற்ற பாதியைத் தேடுவதிலேயே நேரம் போகும். ஃப்ளூரிஸ் 1927-இல் தொடங்கிய சுவிஸ் தேநீர்க் கடை என்பதும், உஷா உதுப் சென்னையின் ‘நைன் ஜெம்ஸ்’ மேடையிலிருந்து வந்து பாடிப் பேர் வாங்கிய இடம் இதே தெருவின் ‘டிரிங்காஸ்’ என்பதும் தெரிந்துவிட்டால், இந்தத் தெருவுக்கு வழிகாட்டியின் வேலை அநேகமாக முடிந்தது.

இரண்டாவது வகை கதையே வேறு. அந்தச் சந்துகளுக்குள் தெரியாதவர் போனால் வாசல்கூடக் கண்ணில் படாது. காசு கொடுக்கத் தகுந்தது இதுதான். ஆனால் எல்லா மதிய நடையும் ஒன்றல்ல. முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை சில.

முதலில் நேரம். கொல்கத்தா கிழக்கே இருப்பதால் டிசம்பர் கடைசியில் மாலை 5 மணிக்கே சூரியன் இறங்கிவிடும். சென்னைக் கணக்கில் ‘மூன்று மணிக்குக் கிளம்பினால் போதும்’ என்று நினைத்தால், கடைசி இரண்டு தேவாலயங்களைப் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். ஒன்றரை மணிக்கு முன்பே தொடங்கும் நடையைத் தேடுங்கள். ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடவே வரும். நின்று நின்று போனால் நான்கரை மணி நேரம். இரண்டரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம் என்பவர்கள் பாதி இடங்களைக் கை நீட்டிக் காட்டிவிட்டுப் போகிறவர்கள்.

அடுத்தது தலை எண்ணிக்கை. எட்டுப் பேர் சரி, பத்துக்கு மேல் வேண்டாம். படாபஜார் ஓரத்துச் சந்துகளில் வேலை நாட்களில் தலையில் மூட்டை ஏற்றிய சுமைக்காரர்கள் ஓட்டமும் நடையுமாக வருவார்கள். அவர்களால் சட்டென்று நிற்க முடியாது. ஒதுங்க வேண்டியது நாம்தான். பதினைந்து பேர் வளையம் கட்டி நின்று கதை கேட்டால் வழி அடைத்துத் திட்டு விழும். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பகுதி காலியாகக் கிடக்கும், நடக்க வசதி. ஆனால் அன்று தேவாலயங்களில் வழிபாட்டு நேரங்கள் குறுக்கிடும், நியூ மார்க்கெட்டிலும் பல கடைகள் மூடியிருக்கும். 20-லிருந்து 23-க்குள் வரும் ஒரு வேலை நாள்தான் எங்கள் தேர்வு. 24 வேண்டவே வேண்டாம்.

நல்ல நடை செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் தொடங்கும். 1787-இல் கட்டியது. கௌர் நகரத்து இடிபாடுகளிலிருந்து கல் கொண்டுவந்ததால் ஊர்க்காரர்களுக்கு இது ‘பாதுரே கிர்ஜா’, அதாவது கல் கோயில். உள்ளே ஸோஃபனி வரைந்த ‘கடைசி இராவுணவு’ ஓவியம் இருக்கிறது. சீடர்களின் முகங்களுக்கு அன்றைய கல்கத்தாக்காரர்களையே மாதிரியாக வைத்தார் என்பார்கள். யூதாஸுக்கு அமைந்தது ஓர் ஏலக்காரரின் முகம் என்பது பழைய ஊர்ப்பேச்சு.

வளாகத்தின் ஒரு மூலையில் எட்டுப்பட்டை மண்டபம். அதற்குள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறை. வழிகாட்டியை எடை போட இதைவிட நல்ல இடம் கிடையாது. ‘கொல்கத்தாவை நிறுவியவர்’ என்று சொல்லி நகர்ந்தால் பாடம் பழசு என்று அர்த்தம். அப்படிச் சொல்வது சரியல்ல என்று 2003-இலேயே கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. குனிந்து கல்வெட்டுப் பலகையைப் பாருங்கள். லத்தீன் எழுத்துகள் செதுக்கிய கருஞ்சாம்பல் நிறக் கல். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல் அது! 1893-இல் நிலவியலாளர் ஹாலண்ட் இந்தப் பலகையை ஆராய்ந்து, இந்தப் பாறை வகைக்கே ‘சார்னோகைட்’ என்று பெயர் வைத்தார். சென்னை விமான நிலையத்துக்கு எதிரே குன்றாக நிற்கும் கல், உலகப் பாடநூல்களில் கொல்கத்தாக் கல்லறைக்காரரின் பெயரோடு உலவுகிறது. பல்லாவரத்தில் இதற்கு தேசிய நிலவியல் நினைவுச் சின்னம் என்ற அறிவிப்பும் உண்டு. இதைச் சொல்லாமல் நகர்கிற வழிகாட்டியிடம் நீங்களே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் ஓல்ட் மிஷன் சர்ச், ‘லால் கிர்ஜா’, அதாவது சிவப்புக் கோயில். பெரும்பாலும் வெளியிலிருந்துதான் பார்க்கக் கிடைக்கும். 1770-இல் இதைக் கட்டிய ஸ்வீடன்காரர் கீர்நாண்டர், அதற்கு முன் பல வருஷம் கடலூரில் ஊழியம் செய்தவர். 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்தார்கள்; அவர் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்.

பிறகு முர்கிஹட்டாவின் போர்த்துகீசிய கதீட்ரல், 1799. அதையடுத்து ஆர்மீனியன் தெரு. இங்கேதான் வழிகாட்டி இல்லாதவர்கள் தோற்றுப்போவது. 1724-இல் கட்டிய நசரேத்து தேவாலயம் இந்த ஊரிலேயே பழையது. ஆனால் வாசலை நடைபாதைக் கடைகள் மறைத்துக்கொண்டிருக்கும். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே போனால் கேட்டைத் தாண்டிவிடுவோம். உள்ளே காலடி வைத்ததும் தரையே கல்லறைப் பலகைகள்தான். சந்தை இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். காவலாளியிடம் முன்பே பேசி வைத்திருக்கிறாரா, அல்லது ‘திறந்திருந்தால் பார்க்கலாம்’ ரகமா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மதிய நடைகள் சொதப்புவதற்கு முதல் காரணம் இந்தக் கேட்தான்.

கிழக்கே இருபது நிமிடம் நடந்தால் சித்தரஞ்சன் அவென்யூவுக்கு அந்தப்புறம், போபஜார் காவல் நிலையத்தின் பின்னால் போ பராக்ஸ். செங்கல் நிறத்தில் மூன்று மாடிக் கட்டிடங்கள், பச்சை ஜன்னல்கள், நடுவே ஒற்றைத் தெரு. முதல் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்காகக் கட்டியது. படை போன பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் குடியேறின. கிறிஸ்துமஸ் வாரம் முழுக்கத் தெருவில் மேடை, நாற்காலி, பாட்டு. நான்கு மணிக்குப் போய்ச் சேர்வது உத்தமம். பெரியவர்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், நின்று பேச ஆள் கிடைக்கும். இரவில் வெளியூர்க் கூட்டம் மட்டும்தான்.

இது காட்சிசாலை அல்ல, குடியிருப்பு. ஜன்னலுக்குள் கேமராவை நீட்டும் குழுக்களால் இங்கே வெறுப்பு வளர்ந்திருக்கிறது. நல்ல வழிகாட்டி தெருமுனையிலேயே இதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே அழைத்துப் போவார். வீட்டுப் பலகாரம் என்று ‘ரோஸ் குக்கி’, ‘குல்குல்’ கொடுத்தால் புதிதாக எதையோ எதிர்பார்க்காதீர்கள். நம்மூர் அச்சு முறுக்கும் கல்கல்லும்தான், முறுக்கில் இனிப்பு தூக்கல். வீட்டு ஒயின் வாங்குபவர்கள் கவனிக்க: பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றித் தருவார்கள். நொதிப்பு முழுதாக அடங்காத ஒயின் என்றால் உள்ளே வாயு சேர்ந்து, வெயில் பட்ட பையில் மூடி தெறிக்கும். வாங்கிய அன்றே முடித்துவிடுங்கள், ஊருக்குச் சுமக்க வேண்டாம். தெருமுனையின் ஜே.என். பருவா கடையில் சானா கேக் கிடைத்தால் விடாதீர்கள். பாலைத் திரித்தெடுத்த சானாவில் செய்த ஈரப்பதமான கேக்; மறுநாளைக்குத் தாங்காது.

அடுத்து நியூ மார்க்கெட். 1874 ஜனவரி முதல் தேதி திறந்தது. உள்ளே நாஹூம் கடை. 1902-இல் பாக்தாத் யூதக் குடும்பம் தொடங்கிய தொழில். பழைய மரச் சட்டமிட்ட கண்ணாடி அலமாரிகள் இன்னும் இருக்கின்றன. 23, 24 தேதிகளில் வரிசை சந்தைக்கு வெளியே வந்துவிடும். நடை ஒன்றில் ‘நாஹூம் கேக் ருசி’ என்று போட்டிருந்தால், முன்பே வாங்கி வைத்துத் தருகிறாரா, வரிசையில் நிற்க வைக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் ஒரு மணி நேரம் போச்சு. வாங்குவதானால் ரிச் ஃப்ரூட் கேக். உலர்பழமும் வெண்ணெயும் கனமாக இருப்பதால் ஒரு ராத்திரி, ஒரு பகல் ரயில் பயணத்துக்குத் தாங்கும். கிரீம் வைத்த எதையும் அங்கேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள்.

இந்த நடையின் உயிர் எங்கே என்று கேட்டால், நாங்கள் கை காட்டுவது தேவாலயம் எதையும் அல்ல. தால்தலா, ரஃபி அகமது கித்வாய் சாலைப் பக்கத்துச் சின்ன பேக்கரிகளை. வீட்டில் அடுப்பு இருந்தாலும் பேக்கரி அடுப்பு இல்லாதவர்கள் மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, முந்திரி, திராட்சை, பழத்தோல் மிட்டாய் எல்லாவற்றையும் பையில் சுமந்து வந்து இங்கே கேக் போட்டு வாங்கிப் போகிறார்கள். பெரிய பாத்திரத்தில் வெண்ணெயையும் சர்க்கரையையும் கொட்டி, மிஸ்திரி முழங்கை வரை விட்டுக் கையாலேயே தேய்ப்பார். சர்க்கரைக் குருணை விரலில் நெருடாத வரைக்கும் முட்டை இறங்காது. சாமான் கொண்டுவந்த அம்மா பக்கத்திலேயே காவல் நிற்பார். தன் முந்திரி அடுத்த பாத்திரத்துக்கு இடம் மாறிவிடக் கூடாது அல்லவா! காகிதம் விரித்த தகர அச்சுகளில் மாவை ஊற்றி, யாருடையது என்று சீட்டு வைத்து, விறகடுப்புக்குள் நீளத் துடுப்பால் தள்ளுவார்கள். கேக் போட வருபவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல. போட்டுத் தருபவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். வங்காளிகளுக்கு இந்த நாள் ‘பொரோ தின்’, பெரிய நாள். கேக் இல்லாமல் விடியாது.

இந்த நிறுத்தத்தைப் பல நடைகள் விட்டுவிடுகின்றன. காரணம், இடம் நெருக்கடி. ஆறு பேருக்கு மேல் உள்ளே நின்றால் வேலை கெடும். வேலை தடைபட்டால் விரட்டுவார்கள், அதில் நியாயமும் உண்டு. இரண்டிரண்டு பேராக உள்ளே அனுப்பும் வழிகாட்டிக்குத் தொழில் தெரியும். பேக்கரி நிறுத்தம் உள்ள நடைக்குக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். இந்தச் சாலையே தெற்கே பார்க் ஸ்ட்ரீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை விளம்பரத்தில் இருக்கும் தொகையைவிட அதில் எது அடக்கம் என்பதுதான் முக்கியம். ருசி பார்க்கும் பலகாரம், நுழைவுக் கட்டணம், தேவாலயக் காணிக்கை, இடையில் மெட்ரோவோ டாக்சியோ ஏறினால் அந்தச் செலவு ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் போதும். கழிப்பறைக்கு எங்கே நிறுத்துவார் என்றும் கேட்டுவிடுங்கள். போ பராக்ஸ் வரைக்கும் நம்பகமாக எதுவும் கிடையாது. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் இதைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. சாயங்காலம் லேசான குளிர் உண்டு, ஒரு ஸ்வெட்டர் போதும். தரை எங்கும் மேடுபள்ளம் என்பதால் செருப்பு வேண்டாம், ஷூ. பார்க் ஸ்ட்ரீட் கூட்டத்தில் போன் முன்பையில் இருக்கட்டும்.

செயின்ட் பால்ஸ் கதீட்ரலை இந்த நடையோடு சேர்க்காதீர்கள். 1847-இல் முடித்த கட்டிடம். 1897, 1934 நிலநடுக்கங்களில் இரண்டு முறை கோபுரம் விழுந்து, இப்போதிருப்பது இங்கிலாந்தின் கேன்டர்பரி கதீட்ரல் கோபுர மாதிரியில் எழுப்பியது. மேற்கு ஜன்னலின் பர்ன்-ஜோன்ஸ் வண்ணக் கண்ணாடி, அந்தமானில் கொலையுண்ட வைஸ்ராய் மேயோ பிரபுவின் நினைவாக வைத்தது. மேற்கு ஜன்னல் என்பதால் பிற்பகல் வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போதுதான் அதற்கு உயிர். இருட்டிய பிறகு கூட்டிப்போகும் நடையில் கறுத்த கண்ணாடியைத்தான் காண்பீர்கள். வேறொரு நாள் மூன்று மணிக்குத் தனியாகப் போய்விட்டு வாருங்கள்.

சென்னையிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு: முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், ஆகவே அக்டோபர் மூன்றாம் வாரத்திலேயே கணினி முன் உட்கார வேண்டும். ஹவுராவில் இறங்கினால் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோவில் எஸ்பிளனேடு வந்துவிடலாம். பாலத்து நெரிசலில் டாக்சி பிடிக்கும் பாடு மிச்சம்.

டிசம்பரில் டிக்கெட் கிடைக்கவில்லை என்றாலும் ஒரு வழி இருக்கிறது. ஆர்மீனியர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 6. பார்க் ஸ்ட்ரீட் கூட்டம் கரைந்திருக்கும், நாஹூமில் வரிசை இருக்காது, புது நோலேன் குட் (குளிர்கால ஈச்ச வெல்லம்) சேர்த்த சந்தேஷ் இனிப்பு கடைகளில் நிறைந்திருக்கும். அந்த வாரத்தில் நடை நடத்துவீர்களா என்று வழிகாட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். ஆள் குறைந்த சமயம் என்பதால் கட்டணத்திலும் பேரம் படியும்.